தேடியிருக்கிறோம், தேடிக்கொண்டிருக்கிறோம்

1

இந்தக் கதை ஒரு வக்கீல் அலுவலகத்தில், ஒரு பென்சில் திருத்தத்தில் பிறந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மறைப்பதில் எனக்கு அனுபவம் உண்டு என்பது போகப்போகத் தெரியும்.

முதல் வாக்கியத்தை நான்கு முறை எழுதினேன். "என் மகன் காணாமல் போய்ப் பத்து ஆண்டுகள்" என்று தொடங்கியபோது 'என்' என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. "ஒரு பெரியவர் இருந்தார்" என்று தொடங்கினால் அவர் செத்துப்போனவர்போல் தொனித்தது. பெரியவர் இருக்கிறார். இதை எழுதிக்கொண்டும் இருக்கிறார். ஆனால் 'நான்' என்று எழுதினால் எனக்கே சலுகை காட்டிவிடுவேனோ என்று பயம். ஆகவே கதைக்குள் அவர் 'அவர்'தான். இப்படி உங்களோடு பேசும்போது மட்டும் நான், நான்.

முப்பத்தெட்டு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் வரைந்த தலைமை எழுத்தர் அவர். கீழே வேலை பார்த்தவர்கள் கொண்டுவரும் கடிதத்தில் ஒரு காற்புள்ளி தவறினாலும் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் கமா சார். அது அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

2

வக்கீலம்மாவின் அறை மாடியில் இருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, நாடா கட்டிய கோப்புகள். காலை பதினொரு மணி. பெரியவரும் மருமகளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அரை நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள்.

வந்த காரியம் இது. அவளுக்கு மறுமணம் செய்துகொள்ள வேண்டும். அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். விவாகரத்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது பெரியவர் மறுத்துவிட்டார்.

"நம்ம வம்சத்துல கோர்ட்டுப் படியேறிப் பிரிஞ்சவங்க யாரும் கிடையாதும்மா."

"அப்ப எனக்கு என்ன வழி மாமா?"

"ஏழு வருஷம் தகவலே இல்லன்னா, இறந்துட்டதா அறிவிக்கச் சொல்லி மனு போடலாம்."

மகனை விட்டு மருமகள் பிரிந்தாள் என்பதைவிட, மகன் செத்தான் என்பது அவருக்குக் கௌரவமாகப் பட்டது. [இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.]

வக்கீலம்மா தட்டச்சு செய்த உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார். ஐந்தாவது பத்தியில் 'வி ஹேவ் சர்ச்ட் ஃபார் ஹிம்' என்று இருந்தது. பெரியவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இது 'வி ஹேவ் பீன் சர்ச்சிங்'னு வரணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"சமைச்சாச்சுங்கறதும் சமைச்சிட்டிருக்கேங்கறதும் ஒண்ணா? ரெண்டாவதைச் சொல்ற வீட்டுல இலை போட்டு உக்காருவீங்களா?"

வக்கீலம்மா சிரித்தார். "ஜட்ஜ் பசியோட வந்தா கவனிப்பார் சார். மாத்திடறேன்." பிறகு, வழக்கமாகக் கேட்கும் குரலில், "கடைசி ஏழு வருஷத்துல லெட்டர், போன், யார் மூலமாவது சேதி, ஏதாவது வந்துதா?"

'இல்லை' என்று சொல்லப் பெரியவர் வாயைத் திறந்தார். அதற்குள் மருமகள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"லெட்டர் வந்திருக்கு மேடம். ஒன்பது."

வக்கீலம்மா தபால் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "கடைசி லெட்டர் மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கே. அப்ப சட்டத்துக்கு உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்மா. இன்னும் நாலு வருஷம் காத்திருக்கணும்."

"வேற வழியே இல்லையா?"

"இதெல்லாம் அவர் எழுதினதே இல்லன்னு நிரூபிக்கணும். எழுதின ஆளே வந்து சத்தியம் பண்ணினாத்தான் நிக்கும். யாரு வருவா?"

மருமகள் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். அவர் பென்சிலின் கூரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம்தானே," என்றார். "பாத்துக்கலாம்."

3

இந்த இடத்தில் வாசகருக்குக் கொஞ்சம் இலக்கணம் தேவை. [தேவையில்லை. அடுத்ததை எழுதப் பயமாக இருந்தால் நான் இலக்கணத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை.]

நேற்றைய காரியத்தை இன்றோடு சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் உண்டு. பிரசன்ட் பர்ஃபெக்ட் என்றால் வேலை ஆகிவிட்டது, பலன் கையில் இருக்கிறது. பிரசன்ட் பர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்றால் வேலை இன்னும் ஓடுகிறது, அல்லது இப்போதுதான் நின்று மூச்சு வாங்குகிறது. எத்தனை என்று கேட்டால் முதலாவது. எவ்வளவு காலமாக என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டாவது. ஒன்பது கடிதங்கள் எழுதியிருக்கிறான். ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறான். சில வினைகள் மட்டும் இரண்டாவதற்குள் வரவே வராது. அறிதல் அதில் ஒன்று. எத்தனை வருடமாக அறிந்திருந்தாலும் 'ஹேவ் நோன்'தான். தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான், அது ஓடிக்கொண்டிருக்கும் வேலை இல்லை.

மகனுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து அப்பாவுக்கு எழுதினால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அப்பா அதே கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். அவன் விடுதியில் படித்த நாளில் தொடங்கியது, கல்யாணமாகி, தூரத்து ஊரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளனாகப் போன பிறகும் நிற்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன் அவனிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் சங்கதி இதுதான்: இங்கே கஷ்டமாக இருக்கிறது, தூக்கம் வருவதில்லை, வீட்டுக்கு வந்துவிடட்டுமா. அவன் எழுதிய ஆங்கிலம்: 'ஐ ஆம் சஃபரிங் ஹியர் சின்ஸ் டூ மன்த்ஸ்.' பெரியவர் அதை அடித்து, மேலே முத்து முத்தாக எழுதினார்: 'ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஹியர் ஃபார் டூ மன்த்ஸ்.' ஓரத்தில் 'விதியைப் பார்' என்று குறித்தார். உறையில் போட்டு அனுப்பினார்.

வந்துவிடட்டுமா என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: [          ]

[அச்சில் எதுவும் விட்டுப்போகவில்லை.]

4

எட்டு மாதம் கழித்து அவன் தங்கியிருந்த அறைக்குப் போனார். கூடத் தங்கியிருந்தவன் வாசலில் நின்றே பேசினான்.

"வீட்லருந்து லெட்டர் வந்துச்சுங்க. படிச்சிட்டு சிரிச்சாரு. அடுத்த வாரம் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு. வீட்டுக்குத்தான் போறாருன்னு நெனச்சோம்."

"சிரிச்சானா?"

"ஆமாங்க. ரொம்ப நேரம்."

அவர் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. போனால் விசாரிக்க வீடு தேடி வருவார்கள், தெருவே வேடிக்கை பார்க்கும். மகனுக்கு ஊர் ஊராகச் சுற்றும் பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். மனைவியிடமும், மருமகளிடமும்.

முதல் கடிதத்தை அவர் எழுதியது, ஏங்கிப் படுத்துவிட்ட மனைவிக்காக. [பொய். நல்ல வாக்கியமாக வந்துவிட்டதால் விட்டுவைத்திருக்கிறேன்.] ஒரு கல்யாணப் பந்தலில் மனைவியின் தம்பி நாலு பேர் எதிரில் கேட்டான்: "என்ன அத்தான், பையன் லெட்டர் கிட்டர் போடறானா, இல்ல உங்க சிவப்பு மைக்குப் பயந்து ஒரேயடியா ஓடிட்டானா?" பந்தலே சிரித்தது. அந்த வாரமே எழுதினார்.

மகனுக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவன் எழுத்து அவர் எழுத்தின் பிள்ளை. ஆகவே கையெழுத்தில் சிரமம் இல்லை. பிழையில்தான் சிரமம். மகன் எழுதியதுபோல் இருக்க வேண்டுமென்றால் தப்பாக எழுத வேண்டும். முப்பத்தெட்டு வருடக் கை மறுத்தது. வரைவில் சரியாக எழுதி, பிறகு அதை அடித்துத் தப்பாக்கி, அதைப் பார்த்து நகல் எடுத்தார். வரைவு இல்லாமல் அவர் எதையும் அனுப்பியதில்லை. வரைவைக் கிழித்ததும் இல்லை. தேதி போட்டு, எண் போட்டு, கோப்பில் வைத்தார். பேருந்து ஏறி வேறு வேறு ஊர்களுக்குப் போய்த் தபாலில் சேர்த்தார்.

மனைவி ஒவ்வொன்றையும் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் இறந்தாள். கடிதங்களும் நின்றன.

5

மருமகளை நான் முதலில் அப்பாவியாகத்தான் எழுதினேன். ஒன்றும் தெரியாமல், நேர்மையாகக் கடிதங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள் என்று. மூன்று பக்கம் போயிற்று. பிறகு யோசித்தேன். தினமும் இருநூறு ரத்தக் குப்பிகளில் பெயர் மாறாமல் சீட்டு ஒட்டுகிறவள் அவள். அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். நடந்தது இது.

வக்கீல் அலுவலக மாடிப்படியில் பாதி இறங்கியதும் அவள் நின்றாள்.

"பாத்துக்கலாம்னீங்களே மாமா. யாரு பாத்துக்கறது?"

"சட்டம் அப்படி இருக்கும்மா."

"அத்தை தவறின மாசமே உங்க பீரோவுல அந்த ஃபைலைப் பாத்துட்டேன். மருந்துச் சீட்டு தேடினப்போ. ஒன்பது டிராஃப்ட். தேதி, நம்பர் எல்லாம் போட்டு. திருட்டுத்தனத்துக்குக்கூட ஃபைல் வைக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். "ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னிக்கு மேசைமேல எடுத்து வெச்சதும் அதுக்குத்தான். நாலே சுவர், ஒரே ஒரு வக்கீல். இதைவிட நல்ல இடம் உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

"வெளியில தெரிஞ்சா குடும்ப மானம்..."

"அந்தக் குடும்பத்துல நான் இருக்கேனா மாமா?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சாவது லெட்டர்ல என்னையும் விசாரிச்சதா ஒரு வரி இருந்துச்சு," என்றாள். "அதைப் படிச்சிட்டு ஒரு வாரம் சந்தோஷமா வேலைக்குப் போனேன். அப்புறம் டிராஃப்ட்ல பாத்தா, அந்த வரியை ரெண்டு தரம் அடிச்சு அடிச்சு எழுதியிருக்கீங்க. போடலாமா வேண்டாமான்னு."

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் பெரியவர் அங்கேயே திரும்பி மாடியேறி எல்லாவற்றையும் சொல்கிறார். வக்கீலம்மா எழுந்து நின்று கைகூப்புகிறார். கைகூப்பல் வந்ததும் நிறுத்திவிட்டேன். பொய்க் கடிதம் எழுதியவருக்கு யார் கைகூப்புவார்கள்?

இன்னொன்றில் கோப்பை எரிக்கிறார். எக்ஸ்ரே எடுப்பவர் ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொள்கிறார். அது தடையில்லாமல் ஓடியது, அதனால் பயந்துபோய் மூடிவைத்தேன்.

மூன்றாவதில் மகன் வருகிறான். வாசலில் பையோடு நிற்கிறான். நான் அவனிடம் ஏதாவது

கடைசியில், இதுவரை நீங்கள் படித்த பக்கங்களை எடுத்துக்கொண்டுபோய் மருமகளிடமே கொடுத்தேன். கொடுத்தார். [இங்கே 'அவர்' என்று எழுதுவது இனி முடியவில்லை. மன்னிக்கவும்.] ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தையும் தாண்டாமல் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க மாமா."

"வரிக்கு வரி உண்மைம்மா. இதைக் கொண்டுபோய் வக்கீல்கிட்டக் குடு."

"இதையா?" தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள். "இதுல உங்க பேர் இல்ல. என் பேர் இல்ல. கமா சார்னு யாருக்கு சம்மன் அனுப்புவாங்க? கதைன்னு சொல்லித் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க. உங்களுக்கும் அதுதானே வசதி?"

பிறகு ஒரு தாளை என் முன் வைத்தாள். அவள் போய்ச் சொன்னதன் பேரில் வக்கீலம்மா புதிதாக அடித்துக் கொடுத்த பத்திரம். கீழே ஒப்பமிடும் நபராகிய நான்தான் அந்த ஒன்பது கடிதங்களையும் எழுதினேன் என்று ஆறு வரி. என் முழுப்பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம். பிழை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"ஐந்தாவது பத்தி எங்கே?" என்று கேட்டேன்.

"எடுத்துடச் சொல்லிட்டேன். நாமதான் தேடவே இல்லையே மாமா."

7

நாளை காலை நோட்டரியிடம் போக வேண்டும். மருமகள் மறுபடியும் அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறாள்.

பெரியவர் கையெழுத்திட்டார் என்று எழுதினால் இரண்டு சொல்லில் கதை முடிந்துவிடும். என் கைக்கு அது பெரிய வேலையும் இல்லை. ஆனால் நீங்கள் ஏன் அதை நம்ப வேண்டும்? ஒரு தாயையே ஆறு வருடம் நம்பவைத்த கை இது. நான் எழுதும் எந்த முடிவும் பத்தாவது கடிதம்தான்.

ஆகவே என்னைக் கேட்காதீர்கள். உங்களில் யாராவது ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, ரப்பர் குழாயைக் கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டே விரலை மடக்கச் சொல்லும் ஒரு பெண் இருந்தால், அவளிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். அவள் சொல்வதுதான் முடிவு. ஒன்றும் சொல்லாமல் குப்பியில் உங்கள் பெயரை ஒட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள் என்றால், அதுவும் முடிவுதான். அப்போது என்னைத் தேடி வராதீர்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.