வார்ப்பு நாளில் ஓர் உறுதிமொழி

சுதர்சினியின் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தன. சாரத்தின் நடுப்படியில் நின்று, கீழிருந்து வரும் கலவைச் சட்டியை வாங்கி மேலே நிற்கும் இசபெலிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துத் திரும்புவதற்குள் அடுத்த சட்டி முகத்துக்கு நேராக நிற்கும். வெயில் வேறு ஏறிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குள் அவள் கலெக்டர் ஆபீசில் இருக்க வேண்டும். இந்தியக் குடிமகளாக உறுதிமொழி எடுக்கும் நாள் அது.

இலங்கையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். குவைத்தில் ஆஸ்பத்திரி துடைக்கப் போன இடத்தில் கொத்தனார் ஜெப்சனைக் கட்டிக்கொண்டு, அவன் ஊரான பார்வதிபுரத்துக்கு வந்தாள். இரண்டு பிள்ளைகள். விசா முடியும்போதெல்லாம், நீட்டித்துத் தராவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டுமே என்ற பயம். இந்த முறை விசா இந்த மாதத்தோடு முடிகிறது.

இன்றைக்கென்று பார்த்து ராஜபாய் வீட்டு வார்ப்பு. மேல்தட்டுக்குக் கான்கிரீட். ஜெப்சன்தான் மேஸ்திரி. விடியுமுன் தொடங்கினால் பத்து மணிக்குள் முடியும் என்று புருஷனும் பெண்டாட்டியும் கணக்குப் போட்டிருந்தார்கள். மிக்சர் மிஷினின் பெல்ட் அறுந்தது. புதியதை வாங்கி மாட்டுவதற்குள் சூரியன் தென்னைக்கு மேலே வந்துவிட்டது. தொடங்கிய வார்ப்பை நிறுத்த முடியாது. நிறுத்திய இடத்தில் தட்டு ஒட்டாது, மழைக்கு ஒழுகும்.

வரிசையை விட்டு இறங்குகிறவர் தன் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். பிறகு அந்த ஆளுக்கு வேலையாகவே திருப்பிச் செய்ய வேண்டும். சித்தாள்களுக்குள் அப்படித்தான் வழக்கம்.

"ஏலே ஜெப்சா, பொண்டாட்டிய அனுப்பப்படாதா?" மிக்சர் பக்கத்திலிருந்து ரசலையன் கத்தினார்.

"யாரை நிறுத்த? உம்மையா? மிஷின யாரு ஓட்டுவா?" மேலிருந்து ஜெப்சன் கத்தினான்.

சத்தம் கேட்டு ராஜபாய் வெளியே வந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வேலைக்காரர்களுக்கு மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்த கரண்டி கையிலேயே இருந்தது.

"என்னவாக்கும் பேச்சு? கை ஓடட்டு!"

"இவளுக்கு இன்னைக்கு இந்தியாக்காரி ஆவணும்க்கா," என்றாள் இசபெல். "மத்தியானத்துக்குள்ள போவணும். மாத்த ஆளில்ல."

"சிலோன்காரிக்கா? ஏட்டி, காலையிலயே சொன்னா என்ன?"

"சொன்னா வேற மேஸ்திரிக்கு வேலைய குடுத்திருவீங்கன்னு பயந்தேன்க்கா," என்றாள் சுதர்சினி.

ராஜபாய் மேல்தட்டைப் பார்த்தாள். சுதர்சினியைப் பார்த்தாள். கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, நைட்டிக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

"அக்கா, நீங்களா?"

"எனக்குக் கையில்லியா? இறங்குட்டி. சும்மா ஒண்ணுமில்ல கேட்டியா. பின்னால மதில் கெட்டும்போ அரை நாள் வந்து சட்டி எடுக்கணும். கூலி கேக்கப்படாது."

"வாறேன்க்கா, கண்டிப்பா வாறேன்."

"மொதல்ல பெய்ட்டு வா!"

முதல் சட்டியிலேயே பாதிக் கலவை ராஜபாயின் நைட்டியில் கொட்டியது. வரிசை முழுக்கச் சிரித்தது.

"கிளார்க்கம்மா, இது பைல் இல்ல, பையப் பைய வாங்கணும்!"

"வாய மூடிட்டு மிஷின ஓட்டும் ஓய்!" என்று ராஜபாய் ரசலையனுக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

சுதர்சினி குழாயடியில் முகம் கழுவினாள், பையை எடுத்தாள், ஓடினாள். தெருமுனையில் நாராயணபெருமாளின் ஆட்டோ நின்றது.

"கலெக்டர் ஆபீஸ்ண்ணே. இந்தியாக்காரி ஆவணும், நேரமில்ல!"

"அப்போ கம்பிய பிடிச்சுக்கிடுங்க!"

வடசேரிவரைக்கும் ஹார்ன் ஓயவில்லை. முழங்கையில் சிமெண்ட் காய்ந்து இழுத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி எழுந்து நின்று உறுதிமொழியை வாசிக்க, இவள் திருப்பிச் சொன்னாள். கடைசி வரியில் குரல் தானாக உயர்ந்து வெளி வராந்தாவரை போனது. கையெழுத்துப் போடும்போது பேனா ஆடியது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் அதிகாரி.

"பயமில்ல மேடம். காலையில இருந்து சட்டி எடுத்த கை."

அறையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ லட்டு கொடுத்தார்கள்.

அவள் தெருவில் குடியுரிமைச் சான்றிதழைத் தூக்கிக் காட்டியபடி வந்தபோது மேலே கடைசி மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜெப்சன் மட்டப்பலகையோடு எழுந்து கூவினான். ரசலையன் விசிலடித்தார். ராஜபாய் கழுத்தில் தைலம் தேய்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுக்கா!"

"அப்போ கை கழுவு. மீன் தீரப் போவுது."

மதில் வேலை இன்னும் தொடங்கவில்லை. ராஜபாய்க்கு சுதர்சினி தர வேண்டிய கடன், அரை நாள் சட்டி வேலை.