இரண்டு விரல் இடைவெளி

செவ்வாய், ஜூன் 10

தவறு என்னுடையது. முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் மழுப்பிவிடுவேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அடுத்த மாதம் நடக்கும் ஆணழகன் போட்டியில் எழுபது கிலோ பிரிவில் நிற்க வேண்டும் என்று நான்கு வாரமாக முட்டை வெள்ளையும் வெள்ளரிக்காயுமாக வாழ்கிறான். எடை இறங்க வேண்டும், தசை கரையக் கூடாது. ஞாயிறுதோறும் அவனை அளந்து இந்த நோட்டில் குறிப்பது என் வேலை. மாலை வகுப்பில் தையல் படிக்கிறேன், வீட்டில் டேப் என்னிடம்தான் இருக்கிறது.

முதல் மூன்று ஞாயிறும் கை பதினைந்தரை அங்குலம். முந்தாநாள் பதினான்கரை. ஒரே வாரத்தில் ஓர் அங்குலம்! அண்ணன் முகம் செத்துவிட்டது. உடனே ஜிம் நண்பர் பீரங்கி அண்ணனுக்கு போன் போட்டான். ஸ்டீராய்டு ஊசி போட்டால் டயட்டிலும் தசை நிற்கும் என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை வேண்டாம் என்றவன், சரி என்றுவிட்டான். இன்று மாலை ஏழரைக்கு முதல் ஊசி.

வகுப்பில் ஏழு மணிக்குப் பக்கத்து மிஷின் அக்காவுக்குக் கை அளவு எடுத்தேன். டேப்புக்குள் என் இரண்டு விரல்கள் தாமாகப் போய் நின்றன. சட்டை பிடிக்காமலிருக்க லூஸ் விடும் பழக்கம். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன வாரம் மிஷின் ஊசி ஏறி அவற்றில் கட்டு போட்டிருந்தேன். ஞாயிறன்று வலிக்குமென்று விரல் விடாமல் அளந்திருக்கிறேன். கட்டை இன்றுதான் பிரித்தேன்.

டேப் கழுத்தில் தொங்க வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் கட்டிலில் குப்புறக் கிடந்தான். பீரங்கி அண்ணன் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எந்திரி! கையக் காட்டு!"

"தங்கச்சி, நல்ல நேரத்துல குறுக்க வராத," என்றார் பீரங்கி.

விரல் விட்டு அளந்தேன்: பதினைந்தரை. விரலை எடுத்து அளந்தேன்: பதினான்கரை. இரண்டு தடவையும் அண்ணனே எண்ணைப் படித்தான்.

"அப்போ கரைஞ்சது உன் விரலா?"

"ஆமாண்ணா. மன்னிச்சிரு."

"ஒரு நிமிஷம். இடுப்பு முப்பத்தி மூணுன்னு எழுதினியே?"

அந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டே வந்தேன். விரல் விட்டு அளந்தேன்: முப்பத்து நான்கு. முந்தின வாரமும் அதேதான்.

"அடிப்பாவி! கையக் குடுத்துட்டு இடுப்பப் புடுங்கிட்டியே!" என்று சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறான்.

பீரங்கி அண்ணன் விடவில்லை. "இன்னும் மூணு கிலோ இறக்கணும்டா. இப்போ கரையலன்னா அப்போ கரையும். நான் போன வருஷம் ஊசி போட்டுத்தானே கையைக் கரையாம நிறுத்தினேன்?"

"கை நின்னுச்சு. முதுகு பூராப் பரு, முப்பது வயசுல பிரஷர் மாத்திரை. எதிர்ல வந்தவனையெல்லாம் முறைச்சே."

"கப்பு வாங்கினேன்ல?"

"வாங்கினே. நான் கை போயிடுச்சேன்னு பயந்துதான் உன்னைக் கூப்பிட்டேன். அது போகல. எடுத்து வைய்யி. முட்டைய ரெண்டு கூட்டிக்கிறேன், வெயிட் தூக்குறதைக் குறைக்க மாட்டேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்."

பீரங்கி அண்ணன் ஊசிப் பெட்டியை மூடிப் பைக்குள் போட்டார். கதவு வரை போனவர் திரும்பி வந்து சட்டைக் கையை மடித்தார்.

"தங்கச்சி, எனக்கும் ஒரு அளவு எடு. நாலு விரல் விட்டு எடு."

மூன்று விட்டேன். அதற்கே பூரித்துப்போனார்.

அண்ணன் தூங்கப் போகும்போது கேட்டான்: "இனிமே அளவு எடுக்கிறது நீதானே?" வேறு ஆளைப் பார்க்கச் சொல்லலாம் என்றிருந்தேன். தலையாட்டிவிட்டேன்.

நாளை: காலை ஆறு மணி, அவன் தண்ணீர்கூடக் குடிக்கும் முன், இரண்டு கை, இடுப்பு, தொடை. விரல் விடாமல், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. பழைய மூன்று வார எண்களை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "விரலோடு" என்று எழுத வேண்டும்.