மிச்சக் கரிக்குச்சி

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருக்களுக்கு முதன்முதலாக மின்விளக்கு வந்ததைப் பற்றி வரலாற்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார்கள். கண்டுபிடித்த துரை, முதல் போட்ட துரை, திறந்துவைத்த துரை. "தெனமும் அந்த வெளக்கப் பாத்துக்கிட்டது யாரு சார்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்; சிரிப்பு பழகிய சத்தம்தான். ஆனாலும் அன்று மாலை தேனி பேருந்தில் நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: "1897. கொழும்புத் தெருவில் நிலா இறங்கியதைப் போல ஒரு —"

நிலாவாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கம்பத்துச் சூசைமுத்து விளக்குக் கம்பத்தின் கீழே நின்று —"

கம்பம் ஊர்க்காரர் கம்பத்தின் கீழே என்றால் சிரிப்பீர்கள். ஆளை ராயப்பன்பட்டிக்கு மாற்றிவிட்டேன்.*

* தெரு, ஆட்கள், ஆண்டு எல்லாம் என் கற்பனை. ஆவணத்தில் தேடாதீர்கள். இருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

2.

சூசைமுத்துக்கு நாற்பது வயது. ஊர் மாதாகோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணியடிப்பார், பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றுவார், எரிந்து மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி உருக்கி மறுபடி வத்தியாக்குவார். பஞ்சம் வந்து இலங்கைத் தேயிலை மலைக்குப் போனார். அங்கே மனைவி காய்ச்சலில் இறந்தாள். (அவளைச் சாகவிடாமல் எழுதிப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் பொய்யாக இருந்தது.) மகள் மதலேனாளோடு கொழும்புக்கு வந்து விளக்கு வேலையில் சேர்ந்தார். அங்கே இருந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. வேலை போனால் மறுபடி மலை, கொழுந்துக் கூடை. அவள் அப்போதுதான் தன் பெயரை எழுதப் பழகியிருந்தாள்.

வேலை இதுதான். காலையில் கயிற்றை இளக்கி விளக்கை இறக்க வேண்டும். உள்ளே இரண்டு கரிக்குச்சிகள், ஒன்றின் நுனிக்கு நேரே மற்றொன்று. நடுவிலிருக்கும் சின்ன இடைவெளியில்தான் வெளிச்சம் பிறக்கும். ஒரே இரவில் குச்சிகள் தேய்ந்துவிடும். மிச்சத்தை எறிந்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும்.

"எறியணுமா? அர சாண் கெடக்கேப்பா."

கூட வேலை பார்த்த உத்தமபாளையத்து ரசூலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, இது ஒங்க கோயிலு மெழுகுவத்தி இல்ல. அங்கன வீசிட்டு வாங்க."

"வீசலாம்டா. கை வரணும்ல."

கை வரவில்லை. ஒரு வாரம் மிச்சத்தையெல்லாம் சேர்த்தார். எட்டாம் நாள் காலையில், தம் பொறுப்பிலிருந்த ஆறு விளக்குகளிலும் அவற்றையே மாட்டினார்.

3.

அன்று இரவு ஏழரை மணிக்கு, குச்சிகள் தேய்ந்து தீர்ந்து, அந்தத் தெரு அணைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, ஆறும்.

"இருட்டில் மிரண்ட குதிரை ஒரு கிழவரை —" வேண்டாம். யாருக்கும் அடிபடவில்லை. விளக்கைக் காட்ட விருந்தாளிகளை அழைத்து வந்திருந்த துரைக்கு அவமானமாகிவிட்டது. ஒரு கூலிக்காரன் வேலை போக அது போதும்.

4.

மறுநாள் காலை ராக்கையா மேஸ்திரி வந்தார். மயிலாடும்பாறைக்காரர். கண்ணில் தூக்கமில்லை.

"ஏலே, என்னலே நடந்துச்சு? பதினோரு மணிக்குத் தொர வாராக. நான் பதில் சொல்லணும்."

ரசூல் சூசைமுத்துவின் காதோரம் கிசுகிசுத்தார். "கரி நனஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே."

இங்கே மூன்று வழிகள் எழுதினேன். சூசைமுத்து அந்தப் பொய்யைச் சொல்கிறார். கரிக் கிடங்கு பார்க்கும் சேக் பரீத்துக்கு வேலை போகிறது. அவருக்கும் பிள்ளைகள் உண்டே. அடுத்தது, ரசூல் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். பள்ளி ஆண்டுவிழா நாடகம் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்:

"நாந்தேன் மாட்டுனேன், மேஸ்திரி. எரியிறத எறிய மனசு வல்ல. எம்மக பள்ளிக்கொடத்துல இருக்கா. தொரகிட்டப் பாத்துச் சொல்லுங்க."

"அடக் கிறுக்கா" என்றார் மேஸ்திரி.

5.

(கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும்.)

பி.ஏ. கடைசி ஆண்டில் தேர்வு விண்ணப்பத்தைக் கெடு முடிந்த மறுநாள் கொண்டுபோனேன். சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போன இடத்தில் தேதியை மறந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அலுவலகத்தில் லத்திபா அக்கா படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குடு இங்கன" என்று வாங்கி முந்தின நாள் கட்டுக்குள் செருகினார். அதற்குப் பிறகு தலைகூட நிமிரவில்லை.

என் பட்டம் அந்த ஒரு கையசைவில் வந்தது. அடுத்தவர் தயவு தேவைப்பட்டதே என்று எனக்கு இன்னமும் எரிச்சல். அதனாலேயே அவருக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி அக்கா. எனக்கு முன்னால் என் வீட்டு ஆட்களின் தப்பைப் பார்த்தும் இப்படித் தலை குனிந்துகொண்ட, பெயர் தெரியாத எல்லோருக்கும் சேர்த்து நன்றி. அவர்கள் இல்லாமல் நான் இந்த வரிக்கு வந்திருக்க முடியாது.

6.

மேஸ்திரியின் பதிலை நாலு தடவை எழுதினேன். நாலும் என் ஆசை. மன்னிப்பை எழுதுகிறவளே வழங்கிக்கொண்டால் அதற்கு என்ன மதிப்பு? அது வேறொருவரிடமிருந்து வர வேண்டும்.

ஆகவே ராக்கையாவை அனுப்பிவிட்டேன். அவர் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். துரையின் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. சூசைமுத்து தோள்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வாயையே பார்க்கிறார்.

வண்டி நிற்கிறது. ஏன் அணைந்தது என்று துரை உங்களைக் கேட்கிறார்.

சொல்லுங்க, மேஸ்திரி.