தட்டு நுழைகிற ஜன்னல்

"இடப்பக்கம் சாய்ங்க... உங்க இடப்பக்கம் இல்லைங்க, அவரோட இடப்பக்கம்!"

ரயில் பெட்டிக்குள்ளிருந்து மருமகனின் குரல் வந்தது. பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் கம்பி பலகையில் இடிக்கும் சத்தம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெய்லரம்மா அழுகையைப் பாதியில் நிறுத்தி, "பாலிஷ் போயிடும், பார்த்து!" என்று கத்தினாள். அந்தப் பாலிஷைத் தான் முப்பது வருடமாக என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறோம் என்பது கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டெய்லர் காலையில்தான் போனார். நோய் இல்லை, நொடி இல்லை, மகராசன் சாவு. செத்த இடம்தான் சரியில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய பழைய ரயில் பெட்டியில், உள்ளறை சீட்டில் படுத்தபடி போய்விட்டார். அறைக்கு வெளியே ஒருக்களித்து நடக்கிற அகலத்துக்கு ஒரு நடைபாதை. அதில் ஸ்ட்ரெச்சர் திரும்ப மறுத்தது.

மருமகன் வியர்வையோடு இறங்கி வந்தார். பிளம்பர். "வளைவுல மாட்டுது அத்தை. பைப்பா இருந்தா ஒரு எல்போ போட்டுத் திருப்பிடுவேன். மாமாவை என்ன பண்றது?"

"நிக்க வச்சுக் கூட்டிட்டு வந்துடலாமா?" என்றார் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்த வண்டிக்காரர்.

"செத்தவரை நடத்தியா கூட்டிட்டு வருவீங்க?" என்று டெய்லரம்மா முறைத்த முறைப்பில் வண்டிக்காரர் தன் வண்டிக்கே போய்விட்டார்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கட்டில். கல்யாணமான புதிதில் கட்டில் வாங்க ஏலத்துக்குப் போன டெய்லர், முதல் வகுப்பு ரயில் பெட்டி ஒன்றோடு திரும்பினார். தேக்குப் பலகை, பித்தளைக் கைப்பிடி. "இதுல கட்டில் மட்டும் இருபது இருக்கு!" என்றார். அதை இறக்க வந்த கிரேனைப் பார்த்து மிரண்ட தெரு நாய்கள் மூன்று வாரம் குரைக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் பெட்டியைத்தான் வீடு என்று நினைத்து அதன் கதவைத் தட்டினார்கள். வீட்டைக் கோழிக்கூண்டு என்று நினைத்தார்கள்.

"எனக்குன்னு ஒரு கட்டில் வர்ற வரைக்கும் அந்தச் சக்களத்தி மேல கால் வைக்க மாட்டேன்" என்றாள் புதுப்பெண். கட்டில் அடுத்த மாதமே வந்தது. கோபம்தான் இறங்காமல் நின்றுவிட்டது.

அவர் அசரவில்லை. தையல் மிஷினையும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டார். ஊருக்குச் சட்டை தைத்ததைவிட ரயில் சீட்டுக்கு உறை தைத்ததுதான் அதிகம். துணி மாறிப்போய் ஒரு மாப்பிள்ளை சீட்டுத் துணியிலேயே கோட்டு போட்டு மணமேடையில் நின்றதாகவும், யாரோ அவர்மேல் உட்காரப் போனதாகவும் பேச்சு உண்டு.

இப்போது டெய்லரம்மாவின் தம்பி முன்னால் வந்தான். பழைய இரும்பு வியாபாரி. இந்தப் பெட்டியோடு பிறந்த மற்ற பெட்டிகளையெல்லாம் வெட்டியவன் அவன்தான்; ஊரில் பாதி வாளி அவற்றில் செய்தது. தப்பிய இந்த ஒன்றை மட்டும், வரும்போதெல்லாம் தர்பூசணியைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

"வேற வழியில்லக்கா. பக்கவாட்டுல வெட்டிடுவோம். கேஸ் கட்டர் வண்டியிலதான் இருக்கு."

"துக்கத்துக்குக் கட்டரோடதான் வருவியாடா?"

"எப்பவும் வண்டியிலதான் கிடக்கும்க்கா! ஒரு தடவை வெட்டிட்டா அப்புறம் அது எதுக்கு? மிச்சத்தையும் நானே எடுத்துக்கிறேன். நீதானே தொலையட்டும், தொலையட்டும்னு சொல்லிட்டிருந்த?"

சொன்னாள்தான். தினமும் சொன்னாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். தம்பி கட்டரை இறக்கப் போனான்.

டெய்லரம்மா எழுந்தாள்.

"மாப்ளே, தட்டு ஜன்னல் வழியா எடுக்கக் கூடாதா?"

"அதென்ன அத்தை தட்டு ஜன்னல்?"

"நான் ஏற மாட்டேன், அவர் இறங்க மாட்டார். டீயும் சாப்பாடும் ஜன்னல் வழியாத்தான் போகும். டம்ளர் கம்பிக்குள்ள நுழையும், தட்டு நுழையாது. அதுக்கு அவர் கம்பியோட சேர்த்து ஜன்னலையே தூக்குவார். ரயில்ல ஆபத்துக்குன்னு ஒரு ஜன்னல் வச்சிருப்பாங்களாம். இவருக்குப் பசிதான் ஆபத்து."

"எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருக்கே!"

"பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சா அப்படித்தான் இருக்கும். அவர் தலைமாட்டுல இருக்கறதுதான்."

"தட்டு நுழையற ஜன்னல்ல மாமா நுழைவாரா?" என்றான் தம்பி.

"அந்த வயிறே அந்த ஜன்னல் வழியா உள்ள போனதுதான்டா!"

ஜன்னல் விளிம்பில் காலையில் அவள் வைத்த டீ ஆடை கட்டி நின்றது. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு வெளியே நின்றபடி மருமகனுக்குச் சொன்னாள்: "சீட்டுக்கு அடியில கைய விடுங்க, வளையம் இருக்கும். இழுத்துட்டுத் தோளால முட்டுங்க. அப்படியில்ல, கொஞ்சம் முனகிக்கிட்டே முட்டணும்."

மருமகன் முனகினார். ஜன்னல் எழுந்தது.

டெய்லர் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தார். பெட்டியிலும் கீறல் இல்லை.

எல்லாம் முடித்துத் திரும்பியபோது சாயங்காலம். யாரோ ஜன்னலை இறக்கி மூடியிருந்தார்கள். தரையில் அந்த டம்ளர் அப்படியே இருந்தது.

"அக்கா, நாளைக்கு ஆளுங்களை வரச் சொல்லட்டுமா? வெட்டி எடுத்துட்டா இடமாவது காலியாகும்" என்றான் தம்பி.

அவள் டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயைச் செடிக்கு ஊற்றினாள். பெட்டியின் படியைப் பிடித்து, "எம்மாடி, என்ன உயரம்!" என்றபடி ஏறினாள். அவருடைய சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். மெத்தென்று இருந்தது. ஒருநாளாவது இதைச் சொன்னாரா இந்த மனுஷன்? தினமும் சொன்னார்.

வெளியே தம்பி அண்ணாந்து நின்றான். "என்னக்கா சொல்ற?"

கம்பிகளுக்கு நடுவில் காலி டம்ளர் நீண்டது.

"டீ. சர்க்கரை கம்மியா."

அவன் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தவன், பாதி வழியில் திரும்பினான்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையேக்கா. தட்டுல ஏதாவது போட்டு எடுத்துட்டு வரட்டுமா?"

டெய்லரம்மா குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். வளையம் கிடைத்தது. இழுத்துவிட்டு, கொஞ்சம் முனகியபடி, தோளால் முட்டினாள்.