காவல் கொட்டகையின் தரை

தகரக் கொட்டகை அலுவலகத்தில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். சுழல் நாற்காலியில் ஒப்பந்தக்காரர். எதிரே, ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டடப் பரிசோதகர். ஒப்பந்தக்காரரின் தங்கையைக் கட்டியவர். மின்விசிறிக்கு நேர் கீழே, பெஞ்சில், அந்தத் தங்கை. மூன்றாம் மாடியில் தனக்கென்று ஒதுக்கிய வீட்டுக்குப் படியேறி இறங்கிய களைப்பு. வாசலோரம் சிமெண்டு மூட்டை மேல் மேஸ்திரி.

மேசையில் ஆய்வகச் சான்று கிடந்தது. சோதனைக்கு அனுப்பிய கான்கிரீட் கட்டிகள் எல்லாமே தேறியிருந்தன. பரிசோதகர் கையெழுத்துப் போட்டால் புது அடுக்குமாடியில் சனங்கள் குடிவரலாம்.

"போட்டுட்டுக் கிளம்புங்க மாப்ளே. ஆடுற நாற்காலியில எவ்வளவு நேரம்தான் உட்காருவீங்க?"

"நாற்காலி ஆடினா எந்திரிச்சுக்கலாம் மச்சான்."

காலையிலேயே பரிசோதகர் சுத்தியலோடு கட்டடத்தைச் சுற்றி வந்திருந்தார். கீழ்த்தளத் தூணைத் தட்டினால் மாவாக உதிர்ந்தது. காவல்காரரின் கொட்டகைத் தரையோ கணீரென்றது, சுத்தியல்தான் பின்வாங்கியது.

"காவல் கொட்டகைத் தரைக்கு என்ன கலவை மேஸ்திரி?"

மேஸ்திரி பெருமையாகவே சொன்னார். "லேபுக்கு அனுப்புற கட்டிக்குத் தனியா கலக்குறதுங்க. சிமெண்டு தூக்கலா இருக்கும். மிச்சத்தைக் கொட்ட மனசு வரல. அதான் அங்க போட்டுவிட்டேன்."

ஒப்பந்தக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் மூட்டைக்குள் இருந்த சிமெண்டே இறுகியிருக்கும்.

"எல்லாரும் செய்றதுதான் மாப்ளே. பரீட்சைக்குப் போற புள்ளைக்குத் தலை சீவி விடுறதில்லையா?"

"இங்க பரீட்சை எழுதினது பக்கத்து வீட்டுப் புள்ள மச்சான்."

பெஞ்சிலிருந்து தங்கை கேட்டாள். "அண்ணே, என் வீட்டுக்கும் இதே தூண்தானா?"

"உனக்குக் குளியலறையில எவ்வளவு நல்ல கல்லு பதிச்சிருக்கேன், பார்த்தியா?" என்றார் அண்ணன்.



மாலையில், ஒழுகும் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில், பரிசோதகர் தலைமை அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தார். இதற்கு முன்பும் வேறு கட்டடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும், ஆவதுதான் வராது. இருந்தாலும் வரிசை தவறாமல் எழுதினார்: சான்று பெற்ற கட்டிகள் வேறு கலவை, தூண்களிலேயே துளையிட்டுத் துண்டெடுத்துச் சோதிக்கும்வரை ஒருவரையும் குடியேற்றக் கூடாது, தம் கையெழுத்து இல்லை.

"இது போனா அண்ணன் நம்ம வாசப்படி மிதிக்காது" என்றாள் மனைவி.

"தெரியும்."

"அந்த வீட்டுக்குத் திரைச்சீலை கூட தச்சு வச்சுட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் கூரையின் ஈரத் திட்டை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து பசைக்குப்பியை எடுத்து வந்தாள்.

"உறையை இங்க கொடுங்க. கோணலா ஒட்டிடுவீங்க."

உறையின் மடிப்பை ஓரம் பிசகாமல் அழுத்தி ஒட்டினாள். தெருமுனைத் தபால் பெட்டி வரை அவளே கூட நடந்தாள். கடிதம் உள்ளே விழுந்தது.