கரண்ட் இல்லாத நகரத்தில் ஒரு கிளாஸ் ஏல்

தொண்ணூற்றெட்டு பெப்ரவரியில் ஆக்லாந்து நகர மையத்துக்குக் கரண்ட் கொண்டுவந்த கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. வாரக்கணக்காக இருட்டு. டோறின் வேலை செய்த இன்சூரன்ஸ் ஒபிஸில் லிப்டும் இல்லை, ஏசியும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் நிக்கலஸ், வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

வீதி முழுக்க ஜெனரேட்டர் இரைச்சல், டீசல் புகை. ஒரு மூலைக் கடையின் கதவு மட்டும் அகலத் திறந்துகிடந்தது.

"இது தாங்களே பியர் காய்ச்சி விக்கிற இடம். தொண்டை காயுது, வாரும் உள்ளுக்குப் போவம்," என்றான்.

இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் டோறின் ஒரு பாருக்குள்ளும் காலடி வைத்ததில்லை. தயங்கித் தயங்கித்தான் போனாள்.

பியர் காய்ச்சுகிறவளே கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். லின் என்று பெயர். சட்டைக் கையை மடித்துவிட்டு, நீண்ட மரக் கைபிடியொன்றைத் தன் பக்கம் இழுத்தாள். கீழே நிலவறையிலிருந்து ஏல் என்கிற அந்தப் பியர் மெதுவாக ஏறிவந்து கிளாஸை நிறைத்தது.

"இதுக்குக் கரண்ட் தேவையில்லை. என் கை போதும்."

நிக்கலஸ் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்னப்பா இது, குளிருமில்லை, நுரைக்கிற காஸுமில்லை!" கிளாஸை மனைவி பக்கம் தள்ளினான்.

டோறின் மணந்து பார்த்தாள். வறுத்த பாண் கரையின் வாசம். அதற்குள் எங்கோ தோடம்பழத் தோல். குடித்தபோது கசப்பு கடைசியில்தான் வந்தது. வந்தது போக மனமில்லாமல் நாக்கிலேயே நின்றது.

"நல்லாயிருக்கே!" வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பீப்பா தீர்ந்து குழாய் நுரையைத் துப்பியது. கூட்டம் காத்து நின்றது. "யாராவது கீழே டோர்ச் பிடிக்க வருவீர்களா?" என்று கேட்டாள் லின். யோசிக்கும் முன்னமே டோறினின் கை உயர்ந்துவிட்டது.

நிலவறையில் பீப்பாக்கள் ஈரச் சாக்குப் போர்த்திப் படுத்திருந்தன. குளிரூட்டி நின்றதிலிருந்து சாக்குகளைக் காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருப்பதாக லின் சொன்னாள்.

"இது உயிருள்ள ஏல். ஈஸ்ட் உள்ளே இன்னும் வேலை செய்யுது. சூடு பட்டாலும் கெடும், ஆட்டினாலும் கலங்கும்."

சொல்லிக்கொண்டே புதுப் பீப்பாவில் குழாயை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மேலே வந்து இழுத்த முதல் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லேசான கலங்கல். அப்படியே கழுவும் தொட்டிக்குள் ஊற்றினாள். அடுத்ததும் தொட்டிக்குள்தான். அந்தத் தாகத்தில் எதைக் கொடுத்தாலும் குடித்திருப்பார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. லினுக்குத் தெரிந்தது, அவளுக்கு அது போதும். டோறின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது கிளாஸ் தேன் நிறத்தில் தெளிந்து வந்தது. "அடுத்ததை நீங்கள் இழுங்கள்," என்றாள் லின்.

கைபிடி நினைத்ததைவிடப் பாரம். டோறின் பல்லைக் கடித்து இழுத்தாள். கிளாஸ் நிறைந்ததும் யாரோ கைதட்டினார்கள். ஒபிஸ் உடுப்போடு கவுண்டருக்குள் நிற்கும் மனைவியைப் பார்க்க நிக்கலஸ் எழுந்தே வந்துவிட்டான்.

"இது ஆருக்கு?"

"எனக்கு!"

அவன் சிரித்துவிட்டான். "சரி, ஆறுதலாக் குடியும். கார் நான் ஓட்டுறன்."

பார்லி எத்தனை நாள் ஊற வேண்டும், கசப்பு எதிலிருந்து வருகிறது என்று டோறின் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் லின் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.