ஆணி மாறிய ஈரல்

ராக்கையாவுக்கு வயிறு எரிந்தது. கோம்பைச் சந்தையில் இரண்டே ஆட்டுக்கறிக் கடை. ஒன்று அவனுடையது, பக்கத்தில் இருந்தது சங்கிலியுடையது. இருவரும் ஒரே கிடையில்தான் ஆடு பிடித்தார்கள். ஆனாலும் சனம் சங்கிலி கடையில்தான் மொய்க்கும், ராக்கையா ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அப்படி என்னத்தைக் கண்டுவிட்டார்கள் அவனிடம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத் தீபாவளிக் காலை. கடைகளுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இருவரும் ஆளுக்கொரு கிடாய் அறுத்தார்கள். அறுத்த ஆட்டின் ஈரலை அவரவர் ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி சைக்கிளில் வந்து, ஈரலைப் பார்த்த பிறகுதான் ஆட்டுத் தொடையில் ஊதா சீல் குத்துவார். ராக்கையா தன் ஆட்டைக் கிழித்ததும் திக்கென்றது. ஈரல் முழுக்கச் சுண்டைக்காய் அளவில் நீர்க்கட்டிகள். சீக்கு ஆடு, சீல் விழாது. தீபாவளி வியாபாரம் போச்சு.

சங்கிலி வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அவன் ஆணியில் தொங்கியது பளபளவென்றிருந்தது. ஈரலில்கூட அவனுக்குத்தான் அதிர்ஷ்டமா? ராக்கையா இரண்டையும் மாற்றி மாட்டினான்.

இன்ஸ்பெக்டர் வரத் தாமதமானது. சீல் விழாமல் விற்கக் கூடாதுதான், ஆனால் தீபாவளிச் சனம் கேட்குமா? அவர் வருவதற்குள் சங்கிலி பாதி ஆட்டை விற்றுவிட்டான். ராக்கையா கடைக்கு ஒருவரும் வரவில்லை.

"இது யார் ஆணி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னுதுங்கய்யா. அறுக்கையில சுத்தமாத்தான இருந்துச்சு..." சங்கிலி ஈரலையே வெறித்தான். "அவசரத்துல என் கண்ணுக்குத் தப்பிருச்சு போல."

ராக்கையாவின் ஆட்டுக்குச் சீல் விழுந்தது. சங்கிலி கடைக் கறியை யாரும் தின்னக் கூடாது, குழம்பு வைத்திருந்தால் சட்டியோடு கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று தெருத்தெருவாகத் தமுக்கு அடித்தார்கள். குழி வெட்டினார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் சங்கிலி மன்னிப்புக் கேட்டு, கறியை வாங்கிக் குழியில் கொட்டினான். ராக்கையாவுக்குக் குளுகுளுவென்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் அவன் கடைப்பக்கம் திரும்பியது. முதலில் நின்றவள் முத்துப்பேச்சி. பத்து வருஷமாக அவன் கடையைத் தாண்டிப்போய்ச் சங்கிலியிடம் வாங்குகிறவள்.

"வா ஆத்தா. இப்பத்தான் என் கடை கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாக்கும்."

"சங்கிலியண்ணன்தான் அனுப்புனாக. ராக்கையாண்ணன் சீக்கு ஆட்டுல கத்தி வைக்க மாட்டாக, நம்பிப் போங்கன்னு சொன்னாக. மக புள்ளத்தாச்சியா இருக்கா, நல்லதாப் போடுண்ணே."

ராக்கையாவின் கத்தி நின்றது. இந்தக் கூட்டமும் சங்கிலியின் கூட்டம்தானா? தன் கடையிலேயே வந்து நின்று அந்தப் பாவி ஜெயித்துவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது. எதிரே முத்துப்பேச்சி தேக்கிலையை விரித்தபடி காத்திருந்தாள். அவன் பார்வை ஊதா சீலில் போய் விழுந்தது. வெட்டக் கை எழவில்லை.

ஆட்டை அப்படியே கொக்கியிலிருந்து இறக்கித் தோளில் போட்டு நடந்தான். குழியருகே நின்ற இன்ஸ்பெக்டர் முன்னாலேயே குழியில் தள்ளினான்.

"அய்யா, இன்னொருக்கா தமுக்கடிக்கச் சொல்லுங்க. அந்த ஈரல் என் ஆட்டோடது. ஆணி மாத்தி மாட்டுனது நாந்தான்."

சங்கிலி மண்வெட்டியோடு நிமிர்ந்தான். மண்டையைப் பிளப்பான் என்றுதான் ராக்கையா நினைத்தான்.

"அப்ப என் கறியத் தின்னவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லண்ணே?" என்று மட்டும் கேட்டான் சங்கிலி.

ஆகாது என்று ராக்கையா தலையசைத்தான். சங்கிலியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்த்தபோதும் ராக்கையாவுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.